சொம்பில் மீந்த தண்ணீர்

நகரிப் பக்கத்து ஆந்திர ஊரான சின்னக்கண்டிகையில் செங்கம்மாவுக்குத் தண்ணி இன்ஸ்பெக்டர் என்று பெயர். முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டு போய்விடுவாள். காலையில் எழுந்ததும் அவளுடைய முதல் வேலை எவர்சில்வர் சொம்பைக் கழுவுவது. கடையில் விற்கிற அரை லிட்டர் பாட்டில் ஒன்றை அதற்கென்றே வைத்திருந்தாள். அதில் அளந்து சொம்பில் ஊற்றி, தட்டுப் போட்டு மூடி, புருஷன் அப்பாவுவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பாள். அப்பாவுவுக்கு அன்றைக்கெல்லாம் அவ்வளவுதான் தண்ணீர். அவர் காப்பி குடித்தால் அந்த அளவுக்குச் சொம்பிலிருந்து எடுத்து முருங்கை மரத்தடியில் ஊற்றிவிடுவாள். ரசம் ஒரு கரண்டி என்றால் அதற்கும் ஒரு கரண்டி போகும்.

இரண்டு கிட்னியும் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது அவருக்கு. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் திருப்பதிக்குப் போய், நாலு மணி நேரம் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வரவேண்டும். சிறுநீர் போவதென்பதே நின்றுவிட்டது. குடிக்கிற தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கும். அதை மெஷின்தான் இழுத்து வெளியே விடவேண்டும்.

இத்தனைக்கும் அந்த மனுஷன் தண்ணீர் குடிக்கிற அழகைப் பார்ப்பதற்கென்றே ஒரு காலத்தில் ஆட்கள் நிற்பார்கள். அவருக்கு வெல்லம் காய்ச்சுகிற வேலை. கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் நகரி, புத்தூர் பக்கமெல்லாம் அவரைத்தான் தேடி வருவார்கள். கொப்பரையில் சாறு கொதித்து, நுரை தள்ளி, சுண்டிச் சுண்டிப் பதத்துக்கு வருகிறவரை அடுப்பு வாயை விட்டு நகரக் கூடாது. முகமும் நெஞ்சும் அனலில் கறுத்துப்போகும். பாகை இறக்கிவிட்டு வந்தாரென்றால் பானையில் மொண்டு, அண்ணாந்து, உதட்டில் படாமல் மூன்று சொம்பு உள்ளே போகும். பாகைக் கிளறத் துடுப்புப் போட்ட இடுப்பு வலிக்கு டாக்டர் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கிப் பத்து வருஷம் விழுங்கினார். அந்த மாத்திரைதான் கிட்னியைத் தின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்த புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் நம்பவே முடியவில்லை.

மெஷின் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன் சிரஞ்சீவி நல்ல பையன். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவான். அப்பாவுவைப் பெத்தாயனா, அதாவது பெரியவர், என்பான். முதல் மாதமே செங்கம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னான்.

"அக்கா, மருந்து எதையும் நிறுத்தாத. தண்ணியைக் கொறை. பெத்தாயனாவுக்கு நீள்ளே விஷம், தண்ணிதான் விஷம். புரிஞ்சிதா?"

அவளுக்குப் புரிந்தது. தண்ணீர் வேறு, மருந்து வேறு என்று அவளுக்குப் புரிந்தது. இருமல் சிரப் ஒரு மூடி கொடுத்தால் அதற்காகச் சொம்பிலிருந்து எடுக்க மாட்டாள். மருந்துக்கு யாராவது அளவு குறைப்பார்களா? இது தப்பு என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. சிரப் ஒரு மூடிதானே, அதனால் கேடு வந்ததும் இல்லை. மெஷினுக்குப் போகுமுன் எடை போடுவார்கள். மற்றவர்களெல்லாம் நாலு கிலோ, அஞ்சு கிலோ ஏறி வந்து திட்டு வாங்குவார்கள். அப்பாவுவுக்கு இரண்டு கிலோவைத் தாண்டாது. "சூப்பர் அக்கா மீரு" என்பான் சிரஞ்சீவி. அன்றைக்கு வீடு திரும்புகிறவரை செங்கம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

அப்பாவு மட்டும் சாயங்கால வேளைகளில் கொஞ்சம் கெஞ்சுவார்.

"ஏமே, ஒரே ஒரு வாய்."

"காலைலயே காலி பண்ணிட்டு இப்ப கேட்டா? மாத்திர போடறதுக்கு மூணு மொடக்குதான் கீது."

"நாக்கு மேல்வாயில ஒட்டிக்கினு வரமாட்டேங்குது மே."

"புளி ஒண்ணு தரட்டா? சப்பிக்கினு இரு."

"புளிய நீயே துன்னு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். தெருக்குழாயில் யாராவது குடம் பிடிக்கிற சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். செங்கம்மா அதைப் பார்ப்பாள். ஆனாலும் கொடுக்க மாட்டாள்.

போன வருஷத்துக் கொரோனா டிவியோடு நின்றுவிட்டது. இந்த வருஷம், மாங்காய் மண்டிகள் திறக்கிற மே மாதத்தில், தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் கடை கிடையாது, பஸ் கிடையாது. பெங்களூரில் செல்போன் கம்பெனி குடோனில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மகன் ஸ்ரீஹரி, ரூமில் கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய்விட, பைக்கை எடுத்துக்கொண்டு பலமனேர், சித்தூர் வழியாக வீடு வந்து சேர்ந்தான். லேசாக மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வண்டியில் வந்த குளிர்காற்று என்றான். ஒரு வேளைச் சோற்றை அப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். அதற்குப் பிறகுதான் அவனுக்கே பயம் வந்து மாட்டுக்கொட்டகையில் போய்ப் படுத்துக்கொண்டான். இரண்டு நாளில் அவனுக்குச் சரியாகிவிட்டது. செங்கம்மாவுக்குத் தொண்டை கரகரத்தது, அதோடு போயிற்று.

வியாழக்கிழமை மெஷினுக்குப் போய்வந்த அப்பாவு வெள்ளிக்கிழமை காலையில் இருமினார். பெரிய காய்ச்சல் கூட இல்லை. உடம்பு ஓய்ந்துபோய்க் கிடந்தார். செங்கம்மா நடுங்கிப்போனாள். கிட்னி இல்லாத உடம்பில் நோயை எதிர்த்து நிற்கிற சக்தி கம்மி, சளி ஜுரம் வந்த வீட்டுப் பக்கமே அழைத்துக்கொண்டு போகாதீர்கள் என்று சிரஞ்சீவி தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தான். இப்போது அவளுடைய வீடே அந்த வீடாகிவிட்டது.

பக்கத்து வீட்டு லட்சுமம்மா ஒரு பொட்டலத்தோடு வேலியோரம் வந்து நின்றாள்.

"அண்ணி, பள்ளிப்பட்டுலேர்ந்து எங்க அண்ணன் குடுத்து வுட்டான். அங்க தமிழ்நாட்டுல வூடு வூடா குடுக்கறாங்களாம். கபசுரப் பொடி. நாலு டம்ளர் தண்ணி ஊத்தி ஒரு டம்ளரா சுண்ட வெச்சி மூணு வேளையும் குடு. எங்க வூட்ல அல்லாருக்கும் அதான் கேட்டுச்சி."

"அவருக்குத் தண்ணி ஆவாதே, லட்சுமி."

"இது தண்ணியா? தண்ணியத்தான் சுண்ட வெச்சிட்டமே. மருந்து மட்டுந்தான அடியில நிக்குது? அண்ணன் கரும்புச்சாற சுண்ட வெச்சி வெல்லம் எடுத்தாரே, அந்த வெல்லத்த யாராச்சும் தண்ணின்னு சொன்னாங்களா?"

செங்கம்மா யோசித்தாள். நாற்பது வருஷமாக வெல்லம் காய்ச்சுகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இதைவிட விளக்கமாக யார் சொல்லிவிட முடியும்? சுண்டிப்போனால் தண்ணீர் போய்விடுகிறது, சாரம் நிற்கிறது. அவள் கண்ணால் பார்த்த விஷயம் அது.

"இருமலுக்கு நடு நடுவுல சுக்கு, மொளகு, மஞ்சா போட்டுக் கொதிக்க வெச்சி குடு. தொண்டையில கீற பூச்சிய வயித்துல தள்ளிடுமாம்" என்றாள் லட்சுமம்மா.

அதுவும் கொதித்ததுதான். அதுவும் மருந்துதான்.

முதல் டம்ளரை அப்பாவு இரண்டு கையாலும் வாங்கினார். நிறைய இருந்தது. மூன்று வருஷமாக நிறைந்த டம்ளரை அவர் கையில் பிடித்ததில்லை. ஆவி முகத்தில் படக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவ்ளோவும் எனக்கா?"

"பின்ன யாருக்கு? மடமடன்னு குடிச்சிடு. கசப்பா இருக்கும்."

அவர் மடமடவென்று குடிக்கவில்லை. வாய்வாயாக, தொண்டையில் நிறுத்தி நிறுத்திக் குடித்தார். நெற்றியில் வேர்த்தது. டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுக்கு நாக்கை நீட்டினார்.

"இன்னம் கீதா மே?"

"மத்தியானம் தரேன். இப்ப சுக்குத் தண்ணி கீது, சோறு துன்னுட்டு குடி."

"இதுக்குச் சொம்புலேர்ந்து எடுக்கலியே நீ."

"மருந்துக்கு எவனாச்சும் எடுப்பானா?"

அப்பாவு எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். "ஆமா, மருந்துதான்" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்கு ஏழெட்டு டம்ளர் போனது. மறுநாள் பத்து. வீட்டில் இருந்த நேரமெல்லாம் செங்கம்மா அடுப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை. விறகுப் புகையில் கண் எரிய உட்கார்ந்து, நாலு ஒன்றாகிறவரை பார்த்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஆற்றி, கொண்டுபோய்க் கொடுத்தாள். முதல் நாள் சாயங்காலமே கட்டிலுக்குப் பக்கத்தில் பார்த்தால் சொம்பில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். வேலிக்கு ஓடினாள்.

"லட்சுமி, உன் மருந்து வேல செய்யுது. அவருக்குத் தாகமே அடங்கிப்போச்சி. அரை சொம்பு மீந்து கீது!"

நடுவில் சனிக்கிழமை வந்ததே என்று கேட்பீர்கள். சனிக்கிழமை திருப்பதிக்குப் போனார்கள். கதவிலேயே இருமலைக் கேட்டு நிறுத்திவிட்டார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை. உள்ளே நோய் போனால் மெஷினில் படுத்திருக்கிற அத்தனை பேருக்கும் ஆபத்து. மூக்கில் குச்சி விட்டு எடுத்துக்கொண்டார்கள். கொரோனா சந்தேகம் இருப்பவர்களுக்கென்று ஒதுக்கியிருந்தது ஒரே மெஷின், அதற்குப் பதினோரு பேர். அப்பாவுவின் முறை திங்கள்கிழமை.

"ரெண்டு நாளு ஜாக்கிரத்தையா பாத்துக்கோ அக்கா. தண்ணி... தெலுசு கதா, தெரியுமில்ல?" என்றான் சிரஞ்சீவி, பிளாஸ்டிக் உடுப்புக்குள்ளிருந்து.

"அரை சொம்பு கூட குடிக்கறதில்ல தம்பி இப்ப" என்றாள் செங்கம்மா. அவள் சொன்னது சத்தியமான வார்த்தை. அவனும் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவு இரண்டு காலையும் போர்வைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார். மாங்காய் மண்டிக்குத் தரம் பிரிக்கப் போன பெண்கள் பாதி நாளில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஓட்டுக்கு மேலே நின்று எரிந்தது. கஷாயம் கொண்டுவந்த செங்கம்மா, "இந்த வெயில்ல போர்வ எதுக்கு?" என்று இழுக்கப் போனாள். அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "குளுருது மே. டம்ளர இங்க குடு."

திங்கள்கிழமை விடிந்தபோது அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சை அள்ளினார். போர்வை கீழே விழுந்து கிடந்தது. இரண்டு காலும் முழங்கால்வரை வீங்கி, தோல் மினுமினுத்தது. தொட்டால் விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது.

கொரோனா வீடு என்று நகரி ஆட்டோக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. ரமணா ஒருத்தன் வந்தான். மூன்று வருஷமாக வாரத்துக்கு மூன்று தடவை அவர்களை அழைத்துப் போகிறவன். முகத்தில் இரண்டு துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான்.

"பயமா இல்லியா ரமணா?" என்று கேட்டாள் செங்கம்மா.

"பயந்தான் அக்கா. ஏறு."

ஸ்ரீஹரி பைக்கில் பின்னாலேயே வந்தான். புத்தூர் தாண்டி ஒரு இடத்திலும் ரேணிகுண்டாவில் ஒரு இடத்திலும் போலீஸ் மறித்தது. "டயாலிசிஸ் சார், டயாலிசிஸ்" என்று ரமணா கத்த, அப்பாவுவின் முகத்தைப் பார்த்ததும் ரோட்டில் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைத் தூக்கினார்கள். அப்பாவு செங்கம்மாவின் தோளில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். நெஞ்சுக்குள் குடம் நிரம்புகிற மாதிரி களகளவென்று சத்தம் கேட்டது. அது சளிச் சத்தம் என்றே அவள் நினைத்தாள்.

எடை மெஷினில் இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள். சிரஞ்சீவி முள்ளைப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தான்.

"அறுபத்திரண்டரை! அம்பத்தி நாலு இருக்கணும். எட்டரை கிலோ, பெத்தாயனா! ஏமி தாகினாரு, இன்னா குடிச்சீங்க? அக்கா, இன்னா குடுத்த நீ?"

செங்கம்மாவுக்கு அந்த நொடியில்தான் எல்லாம் தெரிந்தது. அடுப்பு, டம்ளர், வடிகட்டின துணி, சொம்பில் மீந்த தண்ணீர் எல்லாம் ஒன்றாக எழுந்து வந்தன. "நான்..." என்று ஆரம்பித்தாள்.

"அவ இல்ல" என்றார் அப்பாவு. ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினார். "நான்தான்... கொழாயில... திருடிக் குடிச்சேன். அவளுக்கு... தெரியாது."

"எந்தப் பனி சேசினாரு பெத்தாயனா, இன்னா வேல பண்ணிட்டீங்க!" என்று சிரஞ்சீவி தலையில் அடித்துக்கொண்டான். அதற்குள் அப்பாவுவைச் சக்கர வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்ரீஹரி சுவரில் சாய்ந்து, "நைனா ஏம்மா இப்படிப் பண்ணாரு?" என்றான். புருஷன் பொய் சொன்னார், அவள் அதை அப்படியே வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

குச்சி எடுத்த சோதனையில் கொரோனா என்று வந்தது. மெஷினில் போட்டுத் தண்ணீரை இழுக்க இழுக்க ரத்த அழுத்தம் இறங்கிப்போனது. வேகமாக இழுத்தால் இதயம் நிற்கும், மெதுவாக இழுத்தால் நுரையீரல் மூழ்கும். உள்ளே யாரையும் விடவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் சிரஞ்சீவி தன்னுடைய செல்போனில் வீடியோ போட்டு அப்பாவுவின் முகத்துக்கு நேரே பிடித்தான். வெளியே புங்கமரத்தடியில் செங்கம்மா, மகனுடைய போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தனியாகத் தள்ளிப்போய் நின்றாள்.

மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு பேசினார்.

"செங்கா."

"சொல்லுய்யா."

"மூணு நாளு... வயிறு ரொம்பக் குடிச்சேன்."

"ஐயோ, நான் பாவி. எனக்குத் தெரியலய்யா. நீயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்குத் தெரியும் மே. மொத டம்ளர்லயே தெரியும்." மூச்சு வாங்கினார். "சொன்னா நீ நிறுத்திடுவ. நாக்கு ஈரமா இருந்திச்சி... தூக்கம் வந்திச்சி. யாருகிட்டயும் சொல்லாத. நான் திருடினதாவே இருக்கட்டும்."

மாஸ்க்கை மறுபடி மூடிவிட்டார்கள். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அப்பாவு போய்விட்டார்.

கையெழுத்து வாங்க வந்த டாக்டரம்மா வேலூர்ப் பக்கத்துக்காரர். கண்ணுக்குக் கீழே கண்ணாடி அழுத்தின தழும்பு. செங்கம்மா அவரை மறித்துக்கொண்டு கேட்டாள்.

"மேடம், எங்க வூட்டுக்காரரு நோய்ல போனாரா, தண்ணில போனாரா? ஒண்ணு சொல்லுங்க."

டாக்டரம்மா கையிலிருந்த பேப்பரை இறக்கினார்.

"ரெண்டுலயும்தாம்மா. வைரஸ் நுரையீரலைப் புண்ணாக்கிடுச்சு. அதுலயே தண்ணியும் ஏறிடுச்சு. எக்ஸ்ரேல ரெண்டும் ஒரே வெள்ளையாத்தான் தெரியும். எது எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. கிட்னி போனவங்களுக்கு இது வந்தா காப்பாத்தறது ரொம்பக் கஷ்டம். உள்ள இருபத்தெட்டு வயசுப் பையன் ஒருத்தன் இருக்கான். நல்ல கிட்னியோட நடந்து வந்தவன். இந்த ஜுரத்துலயே கிட்னி நின்னுபோயி மெஷின்ல கிடக்கறான். நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

பாதி நோய், பாதி தண்ணீர். செங்கம்மா அதைக் கேட்டுக்கொண்டாள்.

உடம்பை ஊருக்குக் கொடுக்கவில்லை. பைக்குள் வைத்துக் கட்டி, திருப்பதியிலேயே எரித்துவிட்டார்கள். அம்மாவும் பிள்ளையும் தூரத்தில் நின்று புகையைப் பார்த்தார்கள். கொள்ளிகூட வேறு யாரோ வைத்தார்கள். அவ்வளவு பெரிய அடுப்புகளுக்கு முன்னால் ஆயுசெல்லாம் நின்ற மனுஷன், அவருக்கு ஒரு கைப்பிடி சுள்ளி போட அவர்களால் முடியவில்லை.

சுடுகாட்டுக்கு வெளியே ரமணா ஆட்டோவில் காத்துக்கொண்டிருந்தான். எங்கேயோ அலைந்து இரண்டு பொட்டலம் இட்லி வாங்கி வைத்திருந்தான். ஸ்ரீஹரி திங்கள்கிழமையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடவில்லை. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அப்போது பார்த்துத்தானா அவனுடைய பெரியப்பா சின்னப்பன் போன் பண்ண வேண்டும்? சத்தமாகப் பேசுகிற மனுஷர். தள்ளி நின்ற செங்கம்மாவுக்கும் கேட்டது. "பெங்களூர்லேர்ந்து நீ வராம இருந்திருந்தா என் தம்பி உசுரோட இருந்திருப்பான்டா. மூணு வருஷமா பொத்திப் பொத்தி வெச்சிருந்தா உங்கம்மா."

ஸ்ரீஹரி போனை அணைத்துத் தரையில் வைத்தான்.

"நான்தாம்மா கொன்னுட்டேன்" என்றான். "பக்கத்துல குந்திக்கினு சோறு துன்னேன் பாரு. எனக்கு இன்னாத்துக்கு உசுரு?"

அழுகைகூட அதில் இல்லை. செங்கம்மா அவன் கண்ணைப் பார்த்தாள். ரோட்டில் வேகமாகப் போகிற லாரிகளை அந்தக் கண் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு உயிரைக் கொடுத்தாயிற்று, இதையுமா?

"டேய், இங்க பாரு" என்றாள். "நீ ஒட்ட வெச்சது சளி. எனக்கும்தான் வந்துச்சி. நான் சாவல. உங்க நைனாவ கொன்னது நான்."

"சும்மா இரும்மா."

"கஷாயம்னு சொல்லி ஒரு நாளைக்குப் பத்து டம்ளரு குடுத்தேன். மூணு நாளு. அதுதான் நெஞ்சுல போயி நின்னுச்சி."

"நைனா கொழாயில திருடிக் குடிச்சேன்னு சொன்னாரே."

"பொய். என்ன காப்பாத்தறதுக்குச் சொன்னாரு. டாக்டரம்மாவ கேட்டுட்டேன். தண்ணிலதான் போனாரு. நோய்ல இல்ல."

பாதியை அவள் சொல்லவில்லை.

ஸ்ரீஹரி நிமிர்ந்தான். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றான்.

"மூணு வருஷமா மொடக்கு மொடக்கா அளந்து வெச்சவ நீ. உனுக்குத் தெரியாதா?" குரல் ஏறியது. "உனுக்குத் தெரியாதா? ஒரு வாய் கேட்டப்பல்லாம் குடுக்காம வெச்சிருந்து, கடைசியில... ஒரு போன் போட்டு சிரஞ்சீவிய கேட்டிருக்கக் கூடாதா? அறிவில்ல உனுக்கு?"

"இல்ல" என்றாள் செங்கம்மா.

ரமணா பதறிப்போய், "ஏய், அம்மாவப் போயி இன்னா பேச்சு பேசற?" என்று இறங்கி வந்தான். செங்கம்மா கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

ஸ்ரீஹரி அவளைப் பார்க்கப் பிடிக்காமல் ஆட்டோவுக்கு அந்தப் பக்கம் போனான். போகிற போக்கில் சீட்டில் இருந்த பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டான். அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நூலைப் பிய்த்து எறிந்துவிட்டு, ஆத்திரம் ஆத்திரமாகப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான். விக்கியது. நெஞ்சைத் தட்டிக்கொண்டு மறுபடியும் தின்றான்.

"அவன் கெடக்கறான், வுடு அக்கா. நீ இந்தா, ரெண்டு வாய் துன்னு" என்று ரமணா இன்னொரு பொட்டலத்தை நீட்டினான்.

செங்கம்மா அதை வாங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, "துன்றான் பாரு ரமணா. துன்றான் பாரு" என்றாள்.